குழாயில் ஒட்டிய பெயர்

அன்புள்ள ஏனம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், வீடு சுகம், மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டேன். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எப்போதும் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை அப்படியில்லை, நிஜமாகவே அதை அறியத்தான் இந்தக் கடிதம். நானும் சுகம் என்று எழுத வரவில்லை. முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் நிதானமாகப் படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது, மூன்று வாரமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது, அங்கே டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் உண்டா என்று கேட்டார், யாருக்கும் இல்லை என்றேன், களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று சொன்னாயாம். நீ சொன்னது தப்பு. தப்பு உன்மேல் இல்லை, உனக்குத் தெரியாது, தெரியாமல் வைத்திருந்தவன் நான். உன் சித்தப்பாவுக்கு வந்தது அதுதான். எனக்கு வந்திருப்பதும் அதுதான். இதைப் படித்த கையோடு அந்த டாக்டரைக் கூப்பிட்டு இந்த இரண்டு வரியைச் சொல், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கச் சொல், களிம்போடு நிறுத்தாதே.

இதை ஏன் ஃபோனில் சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம், மூன்று வயதில் எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டுத்தானே இந்தப் பெயரையே வாங்கினாய். அம்மாதான் எழுதச் சொன்னாள். ஃபோன்ல பேசினா நீங்க பூசி மெழுகிடுவீங்க, எழுதுங்க, எழுதினா அடிச்சுத் திருத்துறது கண்ணுக்குத் தெரியும் என்றாள். இப்போது எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் முடித்ததும் பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறாள், ஆகையால் கோணலாகத் தெரிந்தால் அது அவள் கைவண்ணம். பேனா நின்றால் தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள். என் சூப்பர்வைசர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்துவிட்டு அவள் சமையலறையிலிருந்து வந்து, உங்க பொண்ணுக்கு மூலமாம், நாள் பூரா உட்கார்ந்தே வேலை பார்த்தா வேற என்ன வரும், என்று சாதாரணமாகத்தான் சொன்னாள், என் வியாதிக்கும் உனக்கு வந்ததற்கும் அவள் முடிச்சுப் போடவில்லை. எனக்குக் கையில் இருந்த தட்டு கனத்துவிட்டது. கிட்டத்தட்ட இதே வார்த்தையை இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் உன் சித்தப்பாவைப் பார்த்து நான் சொல்லியிருக்கிறேன். உனக்கு நினைவிருக்கும், முன் அறையில் ஜன்னலோரம் மேஜை போட்டுக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கைக்கடிகாரம் பழுது பார்ப்பான், உன்னைக் கூப்பிட்டுச் சின்னச் சின்னப் பல்சக்கரங்களைக் கையில் கொட்டிக் காட்டுவான். அவன் ஒருநாள் மெதுவாக என்னிடம் வந்து, அண்ணா, ரத்தம் வருது, போய்க் காட்டலாமா என்று கேட்டான். உட்கார்ந்தே வேலை பார்க்குற, மூலம்தான், இதைப் போய் யார்கிட்டடா காட்டுவ என்றேன். நானே போய் ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அவனும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டான். இரண்டு வருஷம். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பெருங்குடலில் புற்றுநோய், ரொம்பப் பரவிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து உங்கள் எல்லாரிடமும் அவனுக்கு ரத்தச்சோகை முற்றிவிட்டது என்று சொன்னேன். முப்பத்தெட்டு வயது. உனக்கு அப்போது பன்னிரண்டு. ஏன்பா ரத்தம் தீர்ந்துபோச்சு, எங்கே போச்சு என்று விடாமல் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் உன்னைக் கடைக்கு அனுப்பினேன். அம்மாவுக்கும் உண்மை தெரியாது, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, தட்டை வைக்கும் சத்தம்தான் பேச்சு.

என்ன மனுஷன் இவன், வாழ்நாள் பூரா ஊரார் கழிவிலேயே நின்றவனுக்கு இதிலென்ன வெட்கம் என்று நீ நினைக்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். அங்கேயே நின்றதனால்தான் இந்த வெட்கம் என்று படுகிறது. முப்பத்தோரு வருஷமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை, ஆனால் உன் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் நீர் மேலாண்மை என்று எழுதினேன். வேலை முடிந்து இரண்டு சோப்புப் போட்டுக் குளிக்காமல் உன்னைத் தூக்கியதில்லை. நீ நாலாவது படிக்கும்போது டீச்சர் உங்கள் வகுப்பையே நிலையத்தைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், வருகிறார்கள் என்று தெரிந்ததும் காற்று ஊதும் இயந்திரங்கள் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த இரைச்சலில் ஒரு மணி நேரம் நின்றேன். சாயங்காலம் நீ, ஏன்பா நம்ம வீட்டு சாப்பாட்டு டப்பா மாதிரியே அங்க ஒரு டப்பா மேஜை மேல இருந்துச்சு, மூடியில அதே கீறல்கூட இருந்துச்சு என்று கேட்டாய். அந்த மாதிரி டப்பா ஆயிரம் இருக்கும் என்றேன். நீ என் கையை மோந்து பார்த்தாய். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ வளர்ந்து இந்தப் படிப்புக்குப் போனபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தை வீட்டு விசேஷத்தில் என் பழைய சிநேகிதர் பொண்ணு என்ன பண்றா என்று கேட்டார். குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் உடம்பின் எதிர்ப்புச் செல்களையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டியவன், ஏதோ ரத்த ஆராய்ச்சி என்று மென்று விழுங்கினேன். நீ என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாய். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனால் ஒன்று, உன் வேலை இந்த வீட்டில் எனக்குப் புரிந்த மாதிரி யாருக்கும் புரியவில்லை, அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் தொட்டியிலும் அதே குடித்தனம்தானே. கோடிக்கணக்கில் பாக்டீரியாவைக் காற்றும் தீனியும் கொடுத்து வளர்க்கிறோம், அதுகள்தான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கின்றன. ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் சகதி கீழே படிந்து மேலே தெளிவாக நிற்க வேண்டும். நூல் மாதிரி வளரும் ஒரு ரகம் தலையெடுத்துவிட்டால் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். கிருமி இருப்பது தப்பில்லை, எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருஷம் நீ லீவில் வந்தபோது இதையேதான் உன் பாஷையில் சொன்னாய். நம் குடலில் காவலுக்கு இருக்கும் செல்கள் அங்கே குடியிருக்கும் கிருமிகளோடு தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன, நடுவில் வழுவழுப்பாக ஒரு படலம் மதில் மாதிரி இருக்கிறது, அது மெலிந்தால் தகராறு ஆரம்பிக்கும், தகராறு ஓயாமல் புண்ணாகவே கிடந்தால் கட்டிக்கு வசதி என்றாய். அப்புறம் வாயில், பல் ஈறில் இருக்க வேண்டிய ஒரு கிருமியைச் சொன்னாய், சில பேருக்கு அது எப்படியோ கீழே போய்க் குடல் கட்டிக்குள் குடியேறிவிடுகிறதாம், அங்கே வரும் காவல் செல்லைத் தொட்டு அதை வேலை செய்யவிடாமல் உட்காரவைத்துவிடுகிறதாம். காவலாளி இருக்கான்பா, முழிச்சிட்டுத்தான் இருக்கான், ஆனா அவன் கையை யாரோ பிடிச்சிட்டிருக்காங்க, என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதே எனக்கு மூன்று மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நீ எதிரில் உட்கார்ந்து காப்பியை ஆற்றியபடி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பும் முன் நீ பக்கத்துப் பரிசோதனை நிலையத்தில் சொல்லி இரண்டு சின்னப் பெட்டி வரவழைத்து வைத்தாய், ஆளுக்கொன்று, ஐம்பதைத் தாண்டிட்டீங்க ரெண்டு பேரும், மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கட்டும், ரிப்போர்ட் என் ஃபோனுக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. பெற்ற பெண் ஃபோனில் அப்பனின் அந்தச் சமாச்சாரம் வந்து நிற்பதா என்று கூசிவிட்டது. இப்போது நான் எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை, அம்மா பார்க்கிறாள், எழுதுகிறேன். அம்மா தன்னுடையதைச் சொன்னபடி ஒரு டப்பாவில் பிடித்து, குச்சியால் குத்திக் குழாயில் போட்டு மூடிவிட்டாள். டப்பாவை நீ விடு, நான் கழுவிப் போடுறேன், எனக்குப் பழகின வேலைதானே என்றேன். முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு உதவி செய்ததில்லையே என்று அவள் நெகிழ்ந்தே போய்விட்டாள். நான் குளியலறைக் கதவைத் தாளிட்டு, என் பெட்டியில் இருந்த குச்சியை அதே டப்பாவில் குத்தி, என் குழாயில் போட்டு, என் பெயர் எழுதின சீட்டை ஒட்டினேன். நிலையத்தில் இரண்டு மணிக்கொரு தரம் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி பிடித்து, எந்தத் தொட்டி, எத்தனை மணி, யார் எடுத்தது என்று முப்பத்தோரு வருஷம் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் ஒரு பாட்டிலில்கூடச் சீட்டு மாறியதில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு என்னைத்தான் காட்டுவார்கள். அந்தக் கைதான் இதைச் செய்தது.

ரிப்போர்ட் வந்ததும் நீ கூப்பிட்டாய். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, எண்கூட அநேகமாக ஒரே எண், சேர்ந்து வாழ்றவங்களுக்குக் குடல் கிருமி கொஞ்சம் ஒத்துப்போகும்னு நாங்க சொல்வோம், நீங்க ரெண்டு பேரும் ரத்தக்கணக்குல கூட ஒத்துப்போயிட்டீங்க, என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் ஏனம்மா, மற்ற எல்லாவற்றையும்விட என்னைத் தின்கிறது. அந்த ரிப்போர்ட்டை நம்பித்தானே நீ டாக்டரிடம் தைரியமாகக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னாய். நீ சொன்ன அந்தக் கிருமி செய்கிற வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன், காவலுக்கு நின்ற உன் கையை நானே பிடித்துக்கொண்டேன். என் பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது உன் அம்மா. என்னுடைய கணக்கில் அதை அடித்துவிடு.

இரண்டு மாதத்துக்கு முன் காற்றுத் தொட்டிப் படிக்கட்டில் ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கம்பியைப் பிடித்ததால் தப்பித்தேன், இல்லையென்றால் நான் வளர்த்த பிள்ளைகளுக்கே இரையாகியிருப்பேன். பம்ப் பார்க்கும் நண்பர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வரவேற்பில் ஒரு பெண், எனக்குப் பின்னால் இருபது பேர் நிற்க, கணீரென்ற குரலில், யார் மூலமா வந்திருக்கீங்க என்று கேட்டது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு மூலமெல்லாம் இல்லைங்க, கொஞ்சம் மயக்கம்தான் என்றேன். அந்தப் பெண், அதைக் கேக்கல சார், எந்த டாக்டர் மூலமா அனுப்பினாங்கன்னு கேட்டேன் என்றது. வரிசையில் ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள், நண்பர் இன்றைக்கும் என்னை அப்படிக் கேட்டுத்தான் குட்மார்னிங் சொல்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒன்று நடந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இருபத்தொரு வருஷம், என்று தோன்றியது. உள்ளே போய் டாக்டரம்மாவிடம், உன் வயதுதான் இருக்கும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை, எத்தனை நாளா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

குழாய் விட்டுப் பார்த்ததில் இடதுபக்கம் கட்டி. துணுக்கு எடுத்துப் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். குடல் சுவரைத் தாண்டவில்லை என்றுதான் படத்தில் தெரிகிறது, வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்கிறார். வருகிற வியாழக்கிழமை காலை ஆபரேஷன். உனக்கு முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம், கட்டுரை எழுதுகிற நேரத்தில் குழந்தையைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம், அதில் அம்மாவுக்கும் பங்குண்டு, ஆனால் அவளைத் திட்டாதே, யோசனை என்னுடையது. நீ டிக்கெட் போட்டு ஓடிவராதே. முதலில் உன் பரிசோதனை, அப்புறம்தான் அப்பா. குழாய் விடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, முந்தின நாள் வயிற்றைக் கழுவக் கொடுக்கும் மருந்துதான் கொஞ்சம் சோதனை, அன்றைக்கு வீட்டில் இரு, தூரமாகப் போகாதே, இதைவிட விளக்கமாக எழுதமாட்டேன். ஈறையும் பல் டாக்டரிடம் காட்டினேன், நீ பத்து தடவை சொன்னதற்கு இப்போதுதான் பலன், இரண்டு பல் எடுத்தாயிற்று. ஈறால்தான் இது வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நீயும் சொல்லமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சுத்தம் நல்லதுதானே.

இன்னொன்று. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது நர்ஸ் இன்னொரு தாளையும் நீட்டினார், வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா, விருப்பம் இருந்தால் மட்டும் என்று. அதில் இருக்கும் கிருமியையும் காவல் செல்லையும் பார்ப்பார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எம் பொண்ணு இந்த ஆராய்ச்சிதான் பண்றா, குடல் ஆராய்ச்சி, என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர், அவருக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள், தரை துடைக்கிற அம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அத்தை வீட்டில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொன்னேன், அங்கே உன் பக்கத்து நாற்காலியில் சொன்னதாக வைத்துக்கொள். துண்டு போடும் பாட்டிலில் என் கண்ணெதிரே சீட்டு ஒட்டுவீர்களா என்று கேட்டேன், அப்போது நீங்க மயக்கத்துல இருப்பீங்க சார் என்றார். சரி, இந்தத் தடவை மற்றவர்கள் ஒட்டட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாமா கூடாதா என்றெல்லாம் தெரியவில்லை, கேட்கிறேன். உனக்கு ஒன்றும் இருக்காது, நிஜமாகவே மூலமாகத்தான் இருக்கும் என்று மனம் அடித்துக்கொள்கிறது, ஆனால் என் மனம் சொல்வதை நம்பி இந்த வீட்டில் இனி யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். பார்த்துவிட்டு என்ன வந்தாலும் உள்ளபடி எழுது, எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாதியை மறைக்காதே, அந்தப் புத்தி என்னோடு போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, நீ வேலை பார்க்கும் மேஜையிலிருந்து அவ்வப்போது எழுந்து நட. தெய்வம் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், நூறு வயது இரு, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இரு, இனிமேல் நான் உன்னைக் கடைக்கு அனுப்பமாட்டேன். மறந்துவிடாதே, டாக்டரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: சித்தப்பா, முப்பத்தெட்டு வயது, பெருங்குடல். அப்பா, ஐம்பத்தொன்பது வயது, பெருங்குடல்.

கீழே கையெழுத்துப் போடப் போனேன், கை தானாக நிலையத்துச் சீட்டு மாதிரியே எழுதுகிறது, இருக்கட்டும்.

எடுத்த இடம்: சாப்பாட்டு மேஜை
நேரம்: பகல் பதினொன்று பத்து
மாதிரியின் மூலம்: அப்பாவேதான்
எடுத்தவர்: அப்பா
சரிபார்த்தவர்: அம்மா